ஓவியப் போட்டியும் ஒன்பதாம் விதியும்

போன வாரம் ஆபீஸ்ல பக்கத்து டீம் பொண்ணு வந்து, "அண்ணா, எங்க ஏரியால ஓவியப் போட்டி வெக்கிறாங்க. நானும் பேர் குடுத்திருக்கேன். ஏதாச்சும் டிப்ஸ் சொல்லுங்களேன்"னு கேட்டா. யாராச்சும் நம்மகிட்ட டிப்ஸ் கேட்டா உச்சி குளிர்ந்துடுமில்லையா? புடுங்க வேண்டிய ஆணியை எல்லாம் ஓரமா வெச்சுட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். அவ போனதுக்கப்புறம்தான் முக்கியமான ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டோம்னு உறைச்சுது. சொன்னது, விட்டது ரெண்டையும் சேர்த்து இங்க எழுதிடறேன்.

முதல்ல என் தகுதி. பத்துப் பன்னெண்டு போட்டியில கலந்திருக்கேன். வாங்கினது ரெண்டு பரிசு. ஒண்ணு ஆறுதல் பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். அது இன்னும் வீட்ல சப்பாத்தி சுமக்குது. இன்னொண்ணு ரெண்டாம் பரிசு. அதைப் பத்திக் கடைசில சொல்றேன். ஆக, ஜெயிக்கிறது எப்படின்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. எப்படி எல்லாம் தோக்கலாம்னு வேணா நல்லாத் தெரியும் :-)

போட்டியில கலந்துக்கிட்டுக் கத்துக்கிட்டதை விட, ஒரு தடவை எடுபிடியா இருந்து கத்துக்கிட்டதுதான் அதிகம். எங்க அபார்ட்மென்ட்ல பொங்கலுக்கு ஓவியப் போட்டி வெச்சாங்க. "நீதான் படமெல்லாம் வரைவியே"ன்னு என்னை இழுத்து விட்டுட்டாங்க. வந்த படங்கள் நூத்துக்கும் மேல. எல்லாத்தையும் கம்யூனிட்டி ஹால் தரையில வரிசையாப் பரப்பி வெக்கிறது என் வேலை. நடுவர், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஒரே ஒரு நடை நடந்தாரு. மடக்கின குடையால "இது, இது, இது"ன்னு காட்டினாரு. கால் மணி நேரத்துல நூத்துச் சொச்சம் படம் பதினஞ்சாச்சு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ரெண்டு மணி நேரம் உக்காந்து வரைஞ்ச படத்துக்கு அஞ்சாறு செகண்டுதானா?

டீ குடிக்கும்போது கேட்டேன். "தம்பி, நீங்கல்லாம் உக்காந்து வரையுறீங்க. நான் நின்னுக்கிட்டுப் பாக்குறேன். அவ்ளோதான் விஷயம்"னாரு.

அன்னைக்குத்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. தரையில கெடக்கற படத்தை ஆறடி உயரத்துலேருந்து பாக்கும்போது கண் இமை, கொலுசு மணி, கோபுரத்துல இருக்கற பொம்மை எதுவும் தெரியாது. எங்க இருட்டு, எங்க வெளிச்சம்கறது மட்டும்தான் தெரியும். அது குழம்பியிருந்தா படம் தரையோட தரையாப் போயிடும். அதுலேருந்து, பாதி வரைஞ்சதும் எந்திரிச்சு நாலடி பின்னாடி போய்ப் பாக்குறேன். செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையா மாத்தியும் பாப்பேன். சிவப்பும் பச்சையும் கலர்ல அடிச்சுக்கிட்டு நிக்கும், கறுப்பு வெள்ளையில ரெண்டும் ஒரே சாம்பலாத் தெரியும். அப்படித் தெரிஞ்சா ஏதோ ஒண்ணை இன்னும் அடர்த்தியாக்கணும்னு அர்த்தம். போட்டி நடக்கும்போது செல்போனை எடுக்க விடாத எடமும் உண்டு. அங்க கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாத்தாப் போதும்.

அடுத்து பேப்பர். அங்கேயே உக்காந்து வரையுற போட்டின்னா முக்கால்வாசி எடத்துல பேப்பர் அவங்களே குடுப்பாங்க, சீல் குத்தி. அந்தப் பேப்பரை நம்பி வாட்டர் கலர் எடுத்துட்டுப் போனீங்கன்னா அது சொந்தச் செலவுல சூனியம். நாம வீட்ல 300 ஜிஎஸ்எம் தாள்ல பழகியிருப்போம், அங்க சார்ட் பேப்பரை நீட்டுவாங்க. ரெண்டு தடவை தண்ணி பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும், மூணாவது தடவை நூல் நூலா உரியும். நான் அப்படி ஒரு கடற்கரையை வரையப் போய், அலை பேப்பர்லயே நிஜமா எழும்பிடுச்சு. அதனால குடுத்த தாளோட பின்பக்க ஓரத்துல ஒரு பொட்டுத் தண்ணி வெச்சுப் பாருங்க. உடனே உறிஞ்சிக்கிச்சுன்னா போஸ்டர் கலரைக் கெட்டியா வெச்சு வேலையை முடிங்க, இல்லேன்னா ஆயில் பேஸ்டல். ரெண்டுமே பையில இருக்கட்டும். தண்ணிக்கு ரெண்டு பாட்டில், பழைய பனியன் துணி, நாலு கிளிப், ஒரு பரீட்சை அட்டை. ஹால்ல மேஜை இருக்கும்னு நம்பாதீங்க, நான் பள்ளிக்கூட வராண்டாவுல சம்மணம் போட்டு வரைஞ்சிருக்கேன்.

தலைப்பு விஷயத்துக்கு வருவோம். எங்க ஊர் திருச்சி. "நம் ஊர்"னு தலைப்புக் குடுத்தா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பாதிப் பேரு மலைக்கோட்டை, மீதிப் பேரு ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அதுக்குப் பதிமூணு நிலை. ஒவ்வொரு நிலையாப் போட்டு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுடும். கோபுரம் வரையக் கூடாதுன்னு சொல்லலை. ஆனா ஒரே மாதிரி முப்பது படம் கெடக்கும்போது அதுல முதல் ஆளா வரணும்னா கை ரொம்பச் சுத்தமா இருக்கணும். எனக்கு அவ்ளோ சுத்தம் கெடையாது. அதனால தலைப்பைப் படிச்சதும் மனசுல வர்ற முதல் படத்தைத் தள்ளி வெச்சுடுவேன், ரெண்டாவதையும்தான். மூணாவதா வர்றது பெரும்பாலும் நம்ம வீட்டுக்குள்ளேருந்து வரும்.

அப்படி வந்ததுதான் அந்த ரெண்டாம் பரிசு. இனிமே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்குங்க.

2019. வீட்லயே வரைஞ்சு குடுக்கற போட்டி. தலைப்பு அதே "நம் ஊர்". எங்க அம்மாச்சி ஸ்ரீரங்கத்துல பூ கட்டி வித்தவங்க. விடியுறதுக்கு முன்னாடி சாத்தார வீதிக்குப் போயி பூ வாங்கிட்டு வந்து, திண்ணையில உக்காந்து கட்டுவாங்க. பக்கத்துல ஒரு சொம்புல வாழைநார் ஊறிக்கிட்டிருக்கும். மூணு வாரம், சனி ஞாயிறு ஊருக்குப் போயி எதிர்ல உக்காந்து அவங்க கையை மட்டும் வரைஞ்சேன். முகம் இல்ல, கோபுரம் இல்ல. ரெண்டு கை, நார், கதம்பம். மரிக்கொழுந்து, நடுநடுவுல செக்கச் செவேல்னு ரோஜா. "ஏ சாமி, பூவைப் பாத்து வரை, கையை எதுக்கு வரையுற"ன்னு திட்டிக்கிட்டே கட்டினாங்க.

பரிசளிப்பு விழாவுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போனேன். ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்ததைக் கிட்டப் போயிப் பாத்துட்டு, "என் கை இவ்ளோ கறுப்பாவாடா இருக்கு?"ன்னாங்க. அவ்ளோதான் விமர்சனம். மூவாயிரம் ரூபாயும் பேரைத் தப்பா எழுதின சான்றிதழும் வாங்கிக்கிட்டு, அம்மாச்சிக்குக் காபி வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். படத்தைத் திருப்பிக் கேட்டப்ப, "விதிமுறையைப் படிக்கலையா தம்பி? ஒன்பதாவது விதி"ன்னாங்க.

படிக்கலை. தினமும் ஏதாவது ஒரு சாப்ட்வேர்ல "ஏற்கிறேன்"னு கண்ணை மூடிக்கிட்டு அழுத்தற ஆளு, படிவத்துப் பின்பக்கத்தையா படிக்கப் போறேன்? ஒன்பதாவது விதி இது: பரிசு பெறும் படைப்புகள் திருப்பித் தரப்படமாட்டாது, அவற்றின் எல்லா உரிமைகளும் அமைப்பாளர்களுக்கே. கீழ என் கையெழுத்து, சுத்தமா.

சரி போகட்டும், இன்னொண்ணு வரைஞ்சா ஆச்சுன்னு விட்டுட்டேன். 2021ல அம்மாச்சி போயிட்டாங்க. இன்னொண்ணு வரையலை.

அடுத்த வருஷம் அம்மா போன் பண்ணாங்க. குரலே சரியில்ல. மளிகைக் கடையில மாட்டியிருந்த மாதக் காலண்டர்ல ஆகஸ்ட் மாசப் பக்கத்துல அம்மாச்சி கை. அந்த அமைப்போட காலண்டர்தான். வரைஞ்சவன் பேரு எங்கயும் இல்ல. கடைக்காரர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிட்டு வந்து அம்மா சாமி ரூம் பக்கத்துல மாட்டிட்டாங்க. எங்க வீட்ல அதுலேருந்து ஆகஸ்ட் மாசம்தான்.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். நான் வக்கீல் இல்ல, பொட்டி தட்டுறவன், அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க. 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியம்ங்கற பொருள் வேற, அதோட பதிப்புரிமை வேற. படத்தைத் தூக்கிக் குடுத்துட்டதாலயே அதை அச்சடிக்கற உரிமை கூடப் போயிடாது. உரிமையைக் குடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட குடுக்கணும் (நான்தான் குடுத்துட்டேனே!). ஆனா எவ்வளவு காலத்துக்குன்னு அதுல எழுதலைன்னா அஞ்சு வருஷம்னுதான் பிரிவு 19 எடுத்துக்குது. வேற மாதிரி எழுதி வெக்கலைன்னா, வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தாட்டி அது காலாவதி ஆயிடும். இதுக்கெல்லாம் மேல பிரிவு 57. உரிமையையே எழுதிக் குடுத்துட்டாலும், "இதை வரைஞ்சவன் நான்"னு சொல்ற உரிமை வரைஞ்சவன்கிட்டயேதான் இருக்கும். படைப்பைச் சிதைச்சாக் கேள்வி கேக்கறதுக்கும் அதே பிரிவுதான்.

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு ஒரு வழக்கு இருக்கு. அமர்நாத் சேகல்ங்கற சிற்பி டெல்லி விஞ்ஞான் பவனுக்காகப் பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒண்ணு செஞ்சாரு. 1957ல அரசாங்கமே கேட்டுச் செய்யச் சொன்ன வேலை. 1979ல கட்டடத்தைப் புதுப்பிக்கறேன்னு சொல்லிப் பேத்து, கிடங்குல போட்டுட்டாங்க. அவரு கோர்ட்டுக்குப் போனாரு. 2005ல டெல்லி உயர்நீதிமன்றம், மிச்சத்தை அவருகிட்டயே திருப்பிக் குடுங்க, அஞ்சு லட்சம் நஷ்ட ஈடும் குடுங்கன்னு தீர்ப்பு சொல்லிச்சு. காசு வாங்கிக்கிட்டுச் செஞ்ச வேலைக்கே அப்படி.

இதைப் படிச்சதும் எனக்கும் கொஞ்சம் வீரம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கோர்ட்டெல்லாம் இல்ல, ஒரு லெட்டர் எழுதினேன். இனிமே எங்க அச்சடிச்சாலும் என் பேர் போடுங்க, படத்தை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிக்க அனுமதி குடுங்கன்னு. ஏன்னா என்கிட்ட இருந்தது செல்போன்ல கோணலா எடுத்த ஒரே ஒரு போட்டோ, டியூப்லைட் வெளிச்சம் கட்டைவிரல் மேலேயே விழுந்திருக்கும். அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்ல மறந்தது இதைத்தான். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கடையில போயி ஸ்கேன் பண்ணிடு. பெருசா இருந்தா, நேர் வெயில் படாத எடத்துல பகல் வெளிச்சத்துல, பிளாஷ் இல்லாம, கேமராவைப் படத்துக்கு நேரா வெச்சு எடு. ஃப்ரேம், கண்ணாடி போடறதுக்கு முன்னாடியே எடு. படிவத்தைத் திருப்பிப் பாரு. "திருப்பித் தரப்படமாட்டாது"ன்னு இருந்தா, திரும்பி வராட்டியும் தூக்கம் வர்ற படத்தைக் குடு.

லெட்டருக்குப் பதில் வரலை. ரெண்டு தடவை போன் பண்ணதும், "நேர்ல வாங்க தம்பி"ன்னு ஒருத்தர் சொன்னாரு. 2024ல ஒரு சனிக்கிழமை போனேன். அவங்க ஹால்ல, மேற்குப் பக்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல மாட்டியிருந்தாங்க. தூரத்துலேருந்து பாக்கும்போதே என்னமோ குறையுதேன்னு தோணிச்சு. கிட்டப் போனதும் புரிஞ்சுது. கை அப்படியே இருக்கு. நார் இருக்கு. மரிக்கொழுந்து இருக்கு. ரோஜா மட்டும் வெளுத்துப் பழுப்படிச்சிருக்கு.

அவங்க தப்பு பாதி, என் தப்பு பாதி. மாணவர்களுக்கான மலிவு செட்ல இருந்த கிரிம்சனை நம்பி வரைஞ்சிருந்தேன். அசல் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்துல வெளுக்கற சாயம்னு பேரெடுத்தது, அது அப்ப எனக்குத் தெரியாது. மண்ணுலேருந்து எடுக்கற காவி, பழுப்பு மாதிரி நிறமெல்லாம் வெயிலைத் தாங்கும். அம்மாச்சி கையை நான் அதுலதான் வரைஞ்சிருந்தேன். "இவ்ளோ கறுப்பாவா"ன்னு கேட்டாங்களே, அந்தக் கறுப்பு துளி கொறையலை.

ஸ்கேன் பண்ணக் கண்ணாடியைக் கழட்ட விடலை. "செகரட்டரி இல்ல, அடுத்த வாரம் பாப்போம்"னாரு அந்த அட்டெண்டர் அண்ணன்.

"அண்ணே, கழட்ட வேணாம். எதிர்ச் சுவர்ல மாட்டவாச்சும் செய்யலாமா? அங்க வெயில் விழாது."

"அங்க ஏற்கெனவே தலைவர் போட்டோ இருக்கே தம்பி."

"அதை இங்க மாட்டிடலாம்ணே."

ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு. அப்புறம் உள்ள போயி ஸ்டூலை எடுத்துட்டு வந்தாரு. நான் ஏறினேன், அவரு பிடிச்சுக்கிட்டாரு. தலைவர் இப்ப ஜன்னலுக்கு எதிர்ல இருக்காரு.