14 அடி தூரம்

"ஈ.சி.இ. படிக்கிற புள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு, கேபிள்காரர எதுக்குக் கூப்பிடணும்?" என்று அம்மா சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீபாவளி லீவு. மாமா வாங்கி அனுப்பிய 43 இன்ச் டிவியை அப்போதுதான் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். செட்டாப் பாக்ஸ் மட்டும் எதிர்ப்பக்கம், தாத்தா கட்டிலை ஒட்டிய மேஜையில், பழைய டிவி இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில் 14 அடி. பாக்ஸோடு வந்த எச்.டி.எம்.ஐ. ஒயரோ ஒன்றரை மீட்டர்.

எந்த ஒயரை நீட்டுவது? இதுதான் கேள்வி. எச்.டி.எம்.ஐ.க்குள் 3 ஜோடி டேட்டா, ஒரு ஜோடி கிளாக். 1080p படத்துக்கு அதில் வினாடிக்குச் சுமார் 445 கோடி பிட் ஓட வேண்டும். நீளம் கூடக் கூட சிக்னல் மங்கும். ஆனால் கேபிள் இணைப்புக்கு வரும் 75 ஓம் கோஆக்சியல் ஒயர் தூரமாகப் போவதற்கென்றே செய்தது. அதனால் கோஆக்சியலை நீட்டு, பாக்ஸை டிவிக்குக் கீழே வை. தேர்வில் எழுதினால் முழு மார்க் கிடைக்கிற பதில்!

ரெண்டு எஃப் கனெக்டர், ஒரு ஜாயின்டர், 10 மீட்டர் ஒயர். அரை மணி நேரத்தில் படம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆச்சி திருஷ்டி கழிக்காத குறைதான்.

ஹாஸ்டலுக்கு வந்தபிறகு போனில் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், "தாத்தா, டிவி நல்லா தெரியுதா?" "நல்லாத் தெரியுதுல" என்பார். நானும் சந்தோஷமா வச்சிடுவேன்.

பொங்கலுக்குப் போனேன். தாத்தா படுத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ நான்ஸ்டிக் தவா விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே தவா.

"என்ன தாத்தா, நியூஸ் பாக்கலையா?"

"எதோ ஒண்ணு ஓடுது, ஓடட்டும்."

எங்க தாத்தா அப்படி ஆள் இல்லை. 30 வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவர். பஸ்ஸில் நடந்துகொண்டே இருந்த மாதிரி, டிவியிலும் ஒரு சேனலில் நிற்க மாட்டார். ரிமோட் கெட்டுப்போச்சோ என்று செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். முனையில் இருக்கும் எல்.இ.டி. ஊதா நிறத்தில் மின்னியது. ரிமோட்டில் ஒன்றும் குறையில்லை.

ஆச்சிதான் அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "வாதம் வந்ததுல இருந்து வலது கை தூக்க வரல்லல்லா. இடது கையால அமுக்கிருவாரு. ஆனா நீட்டிப் பிடிக்க முடியல. மொதல்ல என்னியக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. அடுப்புல சோலியா இருக்கேன்னு பொறவு கூப்பிடுறத விட்டுட்டாரு."

அகச்சிவப்புக் கதிர் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில்தான் போகும். படுத்திருக்கிற மனுஷனுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கட்டிலின் கால்மாட்டுப் பலகை. பாக்ஸ் பக்கத்து மேஜையில் இருந்தவரைக்கும் ரிமோட்டைப் படுக்கையில் வைத்தபடியே அமுக்கியிருக்கிறார். அதை நான்தான் 14 அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தேன். படம் தெரியுதா என்று கேட்டேனே தவிர, சேனல் மாற்ற முடியுதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

மறுநாளே பாக்ஸ் பழைய மேஜைக்குத் திரும்பியது. இப்போது நீட்ட வேண்டியது எச்.டி.எம்.ஐ. ஒயரைத்தான். இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: நேர் தூரத்தை அளந்து ஒயர் வாங்காதீர்கள். ஒயர் சுவரில் ஏறி, ஓரமாகப் போய், இறங்க வேண்டும். எங்கள் 14 அடி அப்படி 26 அடி ஆனது. 10 மீட்டர் ஒயர் வாங்கி, பிளாஸ்டிக் கேசிங்குக்குள் விடும் முன்பே இரண்டு முனையையும் மாட்டிச் சோதித்தேன். நல்லவேளை! படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், நடுநடுவே கறுப்புத் திரை. பாக்ஸ் செட்டிங்ஸில் 1080p-ஐ 1080i ஆக்கினேன். ஓடுகிற பிட் பாதியானது, புள்ளிகள் போய்விட்டன. கொஞ்சம் தெளிவு குறைந்திருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. டிவியைக் காலையில் ஆன் பண்ணுவது மட்டும் ஆச்சி வேலை.

கேசிங் அடித்து முடித்து ரிமோட்டைத் தாத்தாவின் இடது கையில் கொடுத்தேன். நியூஸ், பழைய பாட்டு, கிரிக்கெட், மறுபடி நியூஸ். அஞ்சு நிமிஷத்தில் இருபது சேனல்.

"ஒரு எடத்துல நில்லுங்களேன்" என்று அடுப்படியிலிருந்து ஆச்சி சத்தம் போட்டாள்.

தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏல, இன்னிக்குத்தாம்ல டிவி வந்திருக்கு."