பெருக்கமரத்து நிழலில்

மன்னார்த் தீவுக்குச் செல்வோர் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காணாது திரும்புவதில்லை. அராபிய வணிகர் கொணர்ந்த ஆபிரிக்க மரம் என்பர். அதன் அடிமரம் பத்துப் பேர் கைகோத்தாலும் அடங்காது. ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டு நாமும் அந்நிழலில் இளைப்பாறினோம்.

அருகே கருவாட்டுக் கடகத்தை இறக்கிவைத்து இளைப்பாறிய ஓர் அம்மையாருடன் உரையாட நேர்ந்தது. ஐந்து பிள்ளைகளின் தாய். "அடுத்த முறை நானும் எலெக்சன் கேட்கப்போறன், சேர். எங்கட கரைப் பெண்களின்ர கஷ்டம் ஆம்பிளையளுக்கு விளங்குதில்லை" என்றார்.

அவ்வாசைக்கு வழி திறந்தது சட்டமே. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண் உறுப்பினர் நெடுங்காலம் நூற்றுக்கு இருவர் அளவே இருந்தனர். நூற்றுக்கு 25 இடம் அவர்களுக்கென வகுத்த ஏற்பாடு, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. வேட்பாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அச்சட்டம் கேட்பதில்லை.

நம் நினைவோ பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்றது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டில் இல்லையாயினும், இராஜஸ்தான், ஹரியானா, ஆந்திரம் முதலிய மாநிலங்களில் அதே காலத்தில் வேறொரு விதியும் எழுந்தது: குறித்த நாளுக்குப்பின் மூன்றாம் குழந்தை பெற்றோர் ஊராட்சிப் பதவிக்குத் தகுதியற்றோர். ஒரு கை திறந்த கதவை மறு கை சாத்திற்று. 2003இல் உச்ச நீதிமன்றமும் ஹரியானாவின் விதியைச் செல்லுமென்றது.

விளைவு யாது? ஐந்து மாநிலங்களில் ஆய்வு நடத்திய நிர்மலா புச், பதவிக்காக மனைவியைக் கைவிட்டோரையும் குழந்தையைத் தத்துக் கொடுத்தோரையும் எடுத்துக்காட்டினார். கருவைக் கலைத்தோரும் உண்டு. எத்தனை பிள்ளை பெறுவதென்று தானே தீர்மானிக்க இயலாத பெண்ணே, அதற்குரிய தண்டனையையும் சுமந்தாள். பின்னர் மத்தியப் பிரதேசம் 2005இலும் ஹரியானா 2006இலும் விதியைக் கைவிட்டன. ஆந்திரமோ, பிறப்பு குறைகிறதென்ற கவலையால் 2024இல் நீக்கிற்று. முன்பு பெருகியது குற்றம்; இன்று குறைந்தது குறை!

இவற்றைச் சொன்னபோது அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

"பிள்ளையை எண்ணியே சேர், ஆளை அளக்கிறது? அஞ்சு பிள்ளைக்கும் பிணக்கில்லாமல் ஒரு சட்டி சோற்றைப் பங்கிடுகிறனான். சபைக் காசைப் பங்கிடமாட்டனே?"

கடகத்தைத் தலைக்கேற்றி நடந்தார். அவர் கேள்விக்கு விடை கூறும் உரிமை மன்னார் வாக்காளருக்கே உண்டு. அவ்வுரிமை அவர்களிடமே இருப்பதை எண்ணி மனநிறைவுடன் பாலங் கடந்தோம்.