தறிக்குழி இருந்த வீடு



பழைய வீடு வாங்க எண்ணுவோர் சிலர் இப்போது என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மேலப்பாளையத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை வாங்கிச் செப்பனிட்டுக் குடியேறினேன் என்பதே காரணம். கரையான், உத்திரம், சுவரில் ஏறும் ஓதம் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய வேறொன்றை மட்டும் சொல்லாமல் அனுப்பிவிடுகிறேன். அதை இங்கே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

இரண்டு சென்ட் நிலம், முன்னறை, நடுக்கூடம், அடுக்களை, பின்னால் ஒரு கிணறு. இவ்வளவுதான் அந்த வீடு. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. பனங்கட்டை உத்திரங்களில் இரண்டு உளுத்துப் போயிருந்தன. உடன்பிறந்த மூன்று சகோதரர்கள் 10 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு விற்க முன்வந்தார்கள். மதரஸா ஆசிரியரின் ஊதியத்திற்கு அதுவே மலைதான். வட்டிக் கடன் வேண்டாம் என்று நானும் மனைவியும் முன்பே முடிவு செய்திருந்தோம். அவருடைய நகைகளை விற்றோம். உறவினர் இருவர் கர்ளன் ஹஸனாவாக உதவினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

பத்திரங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. அவற்றுடன் ஒரு விடுதலைப் பத்திரமும் இருந்தது. தந்தை மறைந்த சில மாதங்களில், அவருடைய ஒரே மகள் தமது பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தார். "இது இருப்பதால் பின்னால் தொல்லை வராது, ஹஸ்ரத்" என்றார் வழக்கறிஞர். நானும் மகிழ்ந்தேன். வாரந்தோறும் மாணவர்களுக்கு ஃபராயிள் பாடம் நடத்துகிறவன் நான். கரும்பலகையில் கட்டம் போட்டு, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் காட்டுகிறவன். அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை.

வேலை தொடங்கியது. முன்னறைச் சுவர்களில் இடுப்புயரத்திற்குப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. மேலே இன்னொரு சிமெண்ட் பூச்சுப் பூசினால் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். எழுபது வயதை நெருங்கிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். விரல் கணுவால் சுவரைத் தட்டினார். உள்ளே வெற்றிடமாக ஒலித்தது. "கேடே இந்த சிமெண்ட்தான்" என்றார்.

அவர் விளக்கியது இது. அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. தரையின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். இடையில் யாரோ அழகுக்காக சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரத்திற்கு வெளியேற வழியில்லை. அது இன்னும் மேலே ஏறியது. அதனுடன் வந்த உப்பு, பூச்சின் பின்னால் பூத்து அதைத் தள்ளியது. ஆகவே சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சில வாரங்கள் வெறுமையாகக் காயவிட வேண்டும். அதற்குள் சுண்ணாம்பை நீற்று, வடிகட்டி, தொட்டியில் ஊறப்போட வேண்டும். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியுடன் நீரில் புளிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கலவையில் சேர்க்க வேண்டும். நான் நாள் கணக்கைக் கேட்டேன். "அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்றார் பெரியவர். மனைவி என்னைப் பார்த்தார். பொறுத்திருப்பது என்று ஒப்புக்கொண்டோம். வாடகை வீட்டுக்காரரிடம் மேலும் மூன்று மாதம் கேட்டு நின்றது தனிக் கதை.

சுவர் காய்ந்துகொண்டிருந்த நாள்களில் முன்னறைத் தரையைத் தோண்டினோம். ஓரிடத்தில் மண் பொலபொலவென்று இறங்கியது. முழங்கால் ஆழத்தில் நான்கு பக்கமும் கல் கட்டிய குழி ஒன்று தெரிந்தது. தறிக்குழி. நெசவாளர் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் குழி. இந்த ஊர்த் தெருக்களில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது என்பதை அறியாதவர் இல்லை.

குழி கிடைத்த செய்தி தெருவில் பரவியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, அஸருக்குப் பின், ஒரு மூதாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டின் மகள் அவர்தாம். வாப்பாவின் தறி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். நான் வெளித் திண்ணைக்கு வந்துவிட்டேன். என் மனைவி அவரை உள்ளே அழைத்துச் சென்றார்.

ஏழு வயதிலிருந்து அந்தக் குழியின் பக்கத்தில் அமர்ந்து வாப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்ததாக அவர் சொன்னாராம். அண்ணன்மார் பள்ளிக்கூடம் போனார்கள். தாம் நூலோடு இருந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாராம். பிறகு என் மனைவி, நான் கேட்கத் தவறியதைக் கேட்டிருக்கிறார். உங்கள் பங்கை வாங்கிக்கொண்டீர்களா, மாமி? இல்லை. விரும்பித்தான் விட்டுக்கொடுத்தீர்களா? அதற்கு அவர் சொன்ன பதில்: "காக்காமார் மூன்று பேரும் எதிரில் நிற்கும்போது எனக்கு வேண்டும் என்று எப்படியம்மா சொல்வது? போட்டுவிட்டேன்."

அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. பெற்றோர் விட்டுச்சென்றதில், அது சிறிதானாலும் பெரிதானாலும், பெண்களுக்குப் பங்கு உண்டு என்பதை சூரா அந்நிஸாவின் 7ஆம் வசனம் உறுதி செய்கிறது. 11ஆம் வசனம் பங்கின் அளவைச் சொல்கிறது. அடுத்த வசனங்கள் இவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று கூறி, மீறுவோரை எச்சரிக்கின்றன. மனமுவந்து கொடுத்தால் அது ஹிபா; அதில் குற்றமில்லை. ஆனால் வெட்கத்தால் நெருக்கப்பட்டுக் கொடுப்பது மனமுவந்த கொடை ஆகாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைக் கடுமையாகவே பேசுகிறார்கள். இவற்றையெல்லாம் பாடமாக நடத்தியவன், அந்த வெட்கத்தின் மீது வீடு வாங்கியிருந்தேன்.

எனக்குக் கற்பித்த மூத்த ஆலிமிடம் சென்றேன். விற்பனை செல்லும், கடன் அந்தச் சகோதரர்களின் மீதுதான் என்றார்கள். நான் எழ முற்பட்டபோது, "ஆனால் நீங்கள் அறிந்துவிட்டீர்கள், அறிந்தவர் போய்ச் சொல்ல வேண்டும்" என்றார்கள்.

கணக்கு மிக எளிது. மூன்று மகன்களுக்கு ஆறு பங்கு, மகளுக்கு ஒன்று. 10 லட்சத்து 50 ஆயிரத்தில் ஏழில் ஒன்று, 1 லட்சத்து 50 ஆயிரம். ஒவ்வொரு சகோதரரும் மூன்றரை லட்சம் பெற்றிருந்தார். அதில் 50 ஆயிரம் தங்கையுடையது.

மூத்தவர் நான் சொல்வதை முழுவதும் கேட்டார். பிறகு, "கல்யாணத்தில் அவளுக்கு வாப்பா நிறையச் செய்துவிட்டாரே?" என்றார். இந்தக் கேள்வியை நம் சமுதாயத்தில் எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன்! வாப்பா வாழும்போது கொடுத்தது வாப்பாவின் கொடை. வாரிசுரிமை அவருடைய மவ்த்துக்குப் பின்னரே பிறக்கிறது, ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது என்றேன். மகன்களின் படிப்புக்கும் பயணத்துக்கும் செலவிட்டதை யாரும் அவர்கள் பங்கில் கழிப்பதில்லையே என்றும் கேட்டேன். அவர் வாதிடவில்லை. ஒரு மாதத்துக்குள் இரண்டு தவணையாகத் தங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். வளைகுடாவில் இருக்கும் நடுவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். பணம் அந்த வாரமே வந்தது.

இளையவர், "பத்திரம் இருக்கிறதே, ஹஸ்ரத்" என்றார். ஜமாஅத் பெரியவர் ஒருவரும் உடன் வந்து பேசினார். அதே பதில்தான்.

எஞ்சிய 50 ஆயிரத்தை நாமே கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். தரைக்கு ஆத்தங்குடிக் கல் வாங்க வைத்திருந்த பணம் இருந்தது. அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டு போனார். அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். மாமி வாங்கவில்லை. "உங்களுக்கு என் மேல் கடன் ஏதும் இல்லையே. தம்பி கொடுத்தால் என் காக்கா கொடுத்ததாகுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வீட்டின் தரை இன்றும் சிவப்புக் காவி பூசிய சிமெண்ட் தரைதான். கல் வாங்க மனம் வரவில்லை. சுவர்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு மழைக்காலம் கடந்தும் ஒரு பொருக்குக்கூட விழவில்லை. தறிக்குழியை மூடத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் சிறு பிள்ளைகள் ஓடுகிறார்கள். இடம் தெரிவதற்காக நான்கு மூலையிலும் ஒரு கோடு விட்டிருக்கிறார் கொத்தனார். மாமி சில வெள்ளிக்கிழமைகளில் வந்து, அந்தக் கோட்டுக்கு அருகே அமர்ந்து என் மகளுடன் பேசிக்கொண்டிருப்பார்.

சென்ற மாதம் இளையவர் வீட்டைப் பார்க்க வந்தார். சுவரைத் தடவிப் பார்த்து வியந்தார். சுண்ணாம்புக் கலவை பற்றிக் கேட்டார். தேநீர் அருந்தினார். அவர் எழுந்தபோது வாசல் வரை உடன் சென்று, தங்கையின் பங்கை மீண்டும் நினைவூட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "பார்க்கலாம், ஹஸ்ரத்" என்றார். ரமளானுக்கு முன் இன்னொரு முறை அவர் வீட்டுக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.