விறைத்த தமனியும் வெண்புள்ளிகளும்

வயது ஏறும்போது பெருந்தமனிச் சுவரில் உள்ள எலாஸ்டின் இழைகள் தேய்ந்து அறுகின்றன. அந்த இடத்தைக் கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. இளமையில் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் விரிந்துகொடுத்து அடியைத் தணித்த குழாய், விறைத்த பின் அதை அப்படியே முன்னே தள்ளிவிடுகிறது. இதனால் அதிகம் பாதிக்கப்படுபவை சிறுநீரகமும் மூளையும். இரண்டுக்கும் ஓயாமல் ஏராளமாக ரத்தம் வேண்டியிருப்பதால் அங்கே குழாய்களின் தடை குறைவு. தணியாத துடிப்பு நுண்தமனிவரை போய் இடிக்கிறது.

விறைப்பை அறிய நாடி அலையின் வேகத்தை அளக்கிறார்கள். அலை கழுத்துத் தமனிக்கும் தொடையிடுக்குத் தமனிக்கும் வந்துசேரும் நேர வித்தியாசம் உணரியில் பதிவாகும். இரண்டு இடங்களுக்கும் இடையிலான நேர்தூரத்தில் 80 சதவீதத்தை அந்த நேரத்தால் வகுப்பது வழக்கம். விடை வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் தமனி விறைத்துவிட்டது என்று பொருள். நேரத்தை மில்லிவினாடியில் பிடிக்கும் கருவி இருக்கும் அறையில், தூரத்தை அளப்பது பெரும்பாலும் சாதாரண நாடாதான்! தொப்பையின் மேல் நாடா வளைந்தால் தூரம் கூடும், வேகமும் கூடும். நல்ல தமனி காகிதத்தில் கிழடாகிவிடும். சோதனைக்கு முன் காபி, புகை கூடாது. சற்று நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கண்டிப்பாகப் பார்க்காத ஆய்வகத்தின் எண்களை நம்ப முடியாது.

மூளைக்குள் பார்ப்பது இன்னும் சிக்கல். வெண்பொருளுக்குள் துளைத்துச் செல்லும் நுண்தமனிகள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கும் மெலிந்தவை, வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆகவே படத்தில் தெரிவது குழாய் அல்ல, அது பழுதானதால் திசுவில் விழுந்த தடம்: வெண்புள்ளிகள், சிறு குழிகள், நுண்கசிவுகள். வெண்புள்ளிகளை 0 முதல் 3 வரை தரம்பிரிக்கும் ஃபசேகாஸ் அளவை 1987இல் வந்தது. இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. மூளை அறைகளின் முனையில் தெரியும் மெல்லிய வெண்தொப்பியை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. 85 வயதில் இயல்பாகக் கொள்ளத்தக்க புள்ளிகள் 50 வயதில் எச்சரிக்கை. வயதைப் பார்க்காமல் ‘முதுமை மாற்றம்’ என்று எழுதி முடிக்கும் அறிக்கை சோம்பேறித்தனம்.

சிகிச்சை உதவுமா? அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வு, 50 வயதைக் கடந்த 9,361 பேரில் ஒரு பிரிவினருக்கு மேல் ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழும், மற்றவர்களுக்கு 140க்குக் கீழும் வைக்க முயன்றது. 2019இல் வந்த முடிவுப்படி, 120ஐக் குறிவைத்தவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. வெண்புள்ளிகளின் பெருக்கமும் மட்டுப்பட்டது. மறதிநோய் 17 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். நீரிழிவு உள்ளவர்களும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.

நடுவயதில் ஸ்கேனுக்கு அலைவதற்கு முன் பி.பி.யை ஒழுங்காக அளந்து பாருங்கள்.