கருந்தலை மீன்கொத்தி

வாஷியில் குடியேறிய நம்மவர் பலருக்கு, அங்குள்ள உப்பங்கழி மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய இடமாகவே இருக்கிறது. இரயில்வே குமாஸ்தாவாகிய நானும் மான்கூர்டுக்கும் வாஷிக்கும் இடையே அதனை நாள்தோறும் இருமுறை கடப்பவன்; பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அண்மையில் ஒரு குளிர்கால ஞாயிறன்று என் எட்டு வயது மகளுடன் சாகர் விஹார் கரைக்குச் சென்றபோது அவ்வெண்ணம் மாறிற்று.

ஓதம் இறங்கிய காலை வேளை. சேற்றில் நட்டிருந்த ஒரு கழியின்மீது அப்பறவை அமர்ந்திருந்தது. தலை மை போன்ற கறுப்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, முதுகு ஊதா கலந்த நீலம், வயிறு இளஞ்செம்பழுப்பு, அலகோ பவளமேதான்! ஊர்க் குளக்கரையில் நாம் கண்டு வளர்ந்த வெண்மார்பு மீன்கொத்திக்கு இது நெருங்கிய உறவு. அதற்குத் தலை பழுப்பு, இதற்குக் கறுப்பு. மீன்கொத்தி என்று பெயர் இருப்பினும் நண்டையும் பூச்சியையும் இது விடுவதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அம்பெனப் பாய்ந்து ஒரு நண்டைக் கவ்விற்று. இறக்கையிலிருந்த வெள்ளைத் திட்டு ஒருகணம் பளிச்சிட்டது. மகளோ தொலைவில் நின்ற பூநாரைக் கூட்டத்தில் கண் பதித்திருந்தாள். அவள் திரும்புமுன் அது கண்டற் காட்டுக்குள் மறைந்துவிட்டது.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் இதே பறவை உண்டு. அங்கே சுரபுன்னையும் தில்லையும். இங்கே பெரும்பாலும் வெண்கண்டல். இம்மரங்களின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. சேற்றில் நண்டு வாழ்கிறது. நண்டை நம்பி இது வாழ்கிறது. 2018ஆம் ஆண்டில் மும்பை உயர்நீதிமன்றம் கண்டல்களை அழிப்பதற்குத் தடை விதித்தது. 2022இல் தானே உப்பங்கழி ராம்சார் ஈரநிலமாயிற்று. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்த்தது. பெருமையும் கவலையும் ஒருங்கே வந்தன என்னலாம். இவ்வளவுக்குப் பின்னும், வீடு இடித்த கல்லையும் காரையையும் கழியோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நம்மவர் இல்லையென்று என்னால் உறுதி கூற இயலாது.

அன்று முழுதும் மகள் என்னுடன் பேசவில்லை. வண்டி நேரம் எழுதிப் பழகிய எனக்கு ஓதத்தின் கணக்கு எளிதில் பிடிபட்டது. நாளொன்றுக்கு அது ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகிறது. ஆதலால் மறு ஞாயிறு அதே வேளையில் நீர் கரைமுட்ட நிற்கும். அதற்கடுத்த ஞாயிறுதான் மீண்டும் சேறு தெரியும். அந்நாளை அவளே நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.