உளுந்து வயலின் கறுப்புக் காவல்காரன்

திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலையில் மாசி மாதம் போனால், சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருக்கும். மின்கம்பியில் ஒரு கறுப்புக் குருவி உட்கார்ந்திருக்கும். மீன் வால் போலப் பிளந்த வால்; வாலோடு சேர்த்து ஓரடி நீளம். அதுதான் கரிச்சான். இரட்டைவால் குருவி, வலியன் என்றும் சொல்வார்கள்.

பொழுது புலரும் முன்பே குரல் கொடுக்கும் பறவை இது. வல்லூறு கத்துவது போலவே கத்தவும் தெரியும். தாளில் மாடு மேய்ந்தால் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். காலடியில் வெட்டுக்கிளி எழும்பியதும் பாய்ந்து பிடித்து, பழைய இடத்துக்கே திரும்பும். ஈசல், அந்துப்பூச்சி, புழு எல்லாம் அதற்கு இரை. தேனீயையும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பயிரைத் தின்னும் பூச்சிகளே அதன் இரையில் அதிகம்.

தென்னாட்டில் மாசி, பங்குனியில் கரிச்சான் கூடு கட்டும். மரக்கிளைக் கவட்டில் கிண்ணம் போன்ற சின்னக் கூடு. மூன்று, நான்கு முட்டைகள். காகமோ பருந்தோ நெருங்கினால் விரட்டிக் கொத்தும். அந்தத் தைரியத்தை நம்பியே புறாவும் கொண்டைக்குருவியும் அதே மரத்தில் கூடு வைப்பதுண்டு.

உளுந்தில் புழு விழுவதும் இதே பருவத்தில்தான். இரண்டு புழுவைக் கண்டதும் மருந்து அடித்தால், குஞ்சுக்கு இரையில்லாமல் கரிச்சான் வேறு இடம் தேடும். அடுத்து வரும் புழுவுக்குக் காவல் இருக்காது.

உளுந்து வயலில் உட்கார மரம் இல்லை. அதனால் ‘டி’ வடிவில் குச்சிகளைக் கட்டி, பயிருக்கு மேலே ஓரடி, இரண்டடி உயரம் இருக்கும்படி ஆங்காங்கே நட்டால் போதும். நெல் வயலாக இருந்தால், கதிர் பால் பிடிக்கும்போது குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணி தின்னும் குருவிகள் வந்து உட்காரும்.

புழு பெருகிவிட்டால் கரிச்சானை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், காலையில் ஒருமுறை வயலைச் சுற்றி வருவது நல்லது. குச்சிக்கு அடியில் வெள்ளை எச்சம் கிடந்தால், காவல்காரன் வேலைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.