நான்கு காலிக் கட்டங்கள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் மன்றச் செயலாளர் வந்தபோது, "எனக்கு எழுத வராதுண்ணே" என்றுதான் சொன்னேன். "லேப் ரெக்கார்டு எழுதுறல்ல? அது மாதிரி எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் நான் எழுதப் போவது நிஜமாகவே ஒரு நோட்டைப் பற்றித்தான். அது என் நோட்டு அல்ல, என் அறை நண்பனுடையது. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தக் கட்டுரையை முதலில் படித்தவன் அவன்தான். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்திவிட்டு, "குடுடா, நம்ம பசங்க படிக்கட்டும்" என்று அவன் சொன்ன பிறகே கொடுக்கிறேன்.

2025 அக்டோபர் 14. மறுநாள் செய்முறைத் தேர்வு. நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ரெக்கார்டு பாதி எழுதவில்லை, அப்சர்வேஷன் நோட்டைக் காணோம்! நண்பன் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போயிருந்தான். அவன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று அவன் மேஜையில் தேடினேன். எல்லாமே பிரவுன் அட்டை போட்ட நோட்டுகள். அடியில் இருந்த ஒன்றை உருவிப் பிரித்தேன்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. தேதி, மணி, மாத்திரை, எடை, இருமல், குறிப்பு என்று ஆறு கட்டம். இது எந்தச் சோதனை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மே 26. காலை 6.00. மாத்திரை 3. எடை 41 கிலோ. இருமல் அதிகம். வாந்தி வருகிற மாதிரி இருந்தது."

"மே 27. சிறுநீர் ஆரஞ்சு கலரில் போனது. பயந்துவிட்டேன். மருந்தால்தான், பயப்படாதே என்று நர்ஸ் அக்கா சொன்னார்கள்."

"ஜூன் 16. காலேஜ் போகலாம், இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் பயமாக இருக்கிறது."

"ஜூலை 21. 56 நாள் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள்."

அப்போதுதான் புரிந்தது. டி.பி.! காசநோய்!

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. என் நுரையீரலைப் பற்றித்தான் கவலை வந்தது. போன மார்ச், ஏப்ரல் மாதங்களில் ராத்திரி ராத்திரி இருமிக்கொண்டே வராண்டாவுக்குப் போவான். எங்கள் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் போனான் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "என்னடா, திருட்டு பீடியா?" என்று கிண்டல் செய்தோம்.

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அவன் கட்டில் பக்கம் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். அவன் வந்ததும், "உள்ள ஒரே புழுக்கமா இருக்குடா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. என் பாட்டில் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தான். அவ்வளவுதான்.

வராண்டாவில் தூக்கம் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கம் கண்ணிலேயே நின்றது. அக்டோபர் 10 வரை ஒவ்வொரு நாளும் டிக் இருந்தது. 11, 12, 13, 14 ஆகிய நான்கு கட்டங்களும் காலி. குறிப்பு என்ற இடத்தில் மட்டும் பென்சிலால், "நல்லாத்தான் இருக்கேன். இது போதும்" என்று எழுதியிருந்தான்.

நண்பர்களே, இந்தக் காலிக் கட்டத்தை நான் இதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ஆஸ்பத்திரி அட்டை கிடைத்தது. எனக்கு ஆறு வயது இருக்கும்போது தாத்தாவுக்கு இதே நோய். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக் கொட்டகை ஓரம் தனிக் கட்டில். என்னை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். அந்த அட்டையில் முதல் இரண்டு மாதம் வரிசையாக டிக். அதற்குப் பிறகு எல்லாமே காலி. "உடம்பு தேறிடுச்சு, இனிமே எதுக்குன்னு அவரே நிறுத்திட்டாருப்பா" என்றாள் பாட்டி. 2014-இல் தாத்தா இறந்துபோனார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அட்டையை அதுவரை யாரும் வாசித்துப் பார்த்ததே இல்லை.

அன்று தாத்தாவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. இன்று இவனுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன். ஆனால் நான் எங்கே படுத்திருக்கிறேன்? வராண்டாவில்!

விடியற்காலை நாலரைக்கு எழுந்து அறைக்குள் போனேன். வார்டன் சாரிடம் சொல்லலாமா என்று ஒரு யோசனை. அவனுடைய ஊர்க்காரப் பையனை விட்டுப் பேசச் சொல்லலாமா என்று இன்னொரு யோசனை. இரண்டுமே அவன் ரகசியத்தை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. திருட்டுத்தனமாகப் படித்தவன் நான். நான்தான் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மெஸ் அண்ணனிடம் கெஞ்சி ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி வந்து அவனை எழுப்பினேன்.

"டேய், உன் நோட்டைப் படிச்சிட்டேன்."

எழுந்து உட்கார்ந்தான். "எந்த நோட்டு?"

"மாத்திரை நோட்டு."

"யாரைக் கேட்டுடா எடுத்த?"

"யாரையும் கேட்கல. அப்சர்வேஷன் நோட்டுன்னு நெனச்சு எடுத்தேன். ஆனா என்னன்னு தெரிஞ்ச பிறகும் மூடி வைக்கல. தப்புதான், மன்னிச்சிடு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "அப்ப நேத்து வராண்டாவுல படுத்தது அதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "ஆமாடா" என்றேன்.

"பாட்டிலை எடுத்து வச்சப்பவே தெரியும்."

கூனிக் குறுகிப் போனேன். அப்புறம், "ஏன்டா நாலு நாளா போடல?" என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது.

"நீதான் காரணம். தினமும் அஞ்சு மணிக்குப் பேப்பர் போடப் போயிடுவ. ஏழு மணி வரைக்கும் ரூம்ல நான் தனியா இருப்பேன். ஆறு மணிக்கு வெறும் வயித்துல போட்டுட்டு அட்டையை ஒளிச்சு வச்சிடுவேன். பரீட்சைக்காக நீ 11-ஆம் தேதியிலிருந்து வேலைக்கு லீவு போட்டுட்ட. உன் கண்ணு முன்னாடி எப்படிப் போடறது? உனக்குத் தெரிஞ்சா ஹாஸ்டலுக்கே தெரியும். ஊருக்குப் போனா அக்கா கல்யாணம் நின்னுடும். உடம்பும் நல்லாத்தான் இருக்கு, போதும்னு விட்டுட்டேன்."

யோசித்துப் பாருங்கள். அவன் பக்கத்தில் ஆள் இல்லாததால் மருந்து நிற்கவில்லை. பக்கத்தில் நான் இருந்ததால்தான் நின்றது!

டம்ளரை நீட்டினேன். "இப்ப போடு. நான் திரும்பிக்கணும்னா திரும்பிக்கறேன்." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாத்திரையையும் என் எதிரிலேயே போட்டான்.

செய்முறைத் தேர்வு முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். காசநோய்ப் பிரிவில் இருந்த அக்கா அவனைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். திட்டிவிட்டு எங்களை உட்கார வைத்து விளக்கினார்கள். முதல் 56 நாள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்று நான்கு மருந்து ஒரே மாத்திரைக்குள் இருக்கும். அதில் பைரசினமைடை நிறுத்திவிட்டு மீதி மூன்றையும் அடுத்த 112 நாள் போட வேண்டும். ஆக மொத்தம் 168 நாள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசினால். முதல் இரண்டு மாதத்திலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒளிந்து கிடக்கும் மிச்சக் கிருமிகளைக் கொல்லத்தான் பின்னால் வரும் நான்கு மாதம். நடுவில் விட்டால் அவை மறுபடி பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அப்போது வைத்தியம் இன்னும் கடினம்.

"தாத்தா ரெண்டு மாசத்துல நிறுத்திட்டாரு" என்றேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்கள்.

தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் எதனாலும் இந்த நோய் ஒட்டாது. மருந்து எடுக்காத நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில்தான் பரவும். சரியாக மருந்து எடுத்தால் சில வாரங்களில் பரவுகிற ஆபத்து பெரும்பாலும் போய்விடும். ஆக, நான் பாட்டிலை ஒளித்து வைத்தது சுத்த முட்டாள்தனம்! ஆனாலும் ஏப்ரலில் ஒரே அறையில் இருந்ததால் எனக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது.

அந்த அக்கா சொல்லி, பிறகு நூலகத்திலும் தேடிப் படித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இந்த நோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் கொண்டுபோய் விடுவார்கள். 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து ஆரம்பித்ததும் அப்படி ஒன்றுதான். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அதனால் வந்தது. 1956-இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் எல்லாம் உண்டு. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். 1959-இல் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு! வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். அந்த மையம் இப்போது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

அந்த ஆராய்ச்சியில் நர்ஸுகள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் திடீரென்று போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து இருந்தால் மட்டும் போதாது, "இன்னைக்குப் போட்டியா?" என்று கேட்க ஒரு ஆளும் வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு மீதி 29 நாள் இருந்தது. நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. காலை ஆறு மணிக்கு வெந்நீர் வைப்பேன். "தைரியமா இரு", "கடவுள் இருக்கார்" என்ற வசனமெல்லாம் முதல் இரண்டு நாள் பேசிப் பார்த்தேன். "வெந்நீரை மட்டும் குடுடா, போதும்" என்று சொல்லிவிட்டான். மெஸ்ஸில் முட்டை போடும் நாளில் என் முட்டை அவன் தட்டுக்குப் போகும். சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். அவனுக்கு வந்த பணத்தில் வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் வாங்கினோம். அதில் பாதியை நான் தின்றேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, நோட்டில் ஏழாவதாக ஒரு கட்டம் கோடு போட்டிருந்தான். தலைப்பு: ஸ்டாஃப் இனிஷியல். "நீதான் ஸ்டாஃப், கையெழுத்துப் போடு" என்றான். நம் லேப் சார் போடுகிற மாதிரியே தேதியோடு கிறுக்கினேன். தினமும் கிறுக்கினேன். தியரிப் பரீட்சை நாட்களில்கூட விடவில்லை.

நவம்பர் 13. 168-வது நாள். எடை 47 கிலோ. இருமல் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினான். கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடித்தோம். அறைக்கு வந்ததும் என் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை என் கையில் கொடுத்தான். இரண்டு பேருக்கும் காரணம் தெரியும். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நண்பர்களே! நம் ஹாஸ்டலில் இன்னும் எத்தனை நோட்டுகள் மேஜைக்கு அடியில் இருக்கின்றனவோ! டி.பி.யாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், வலிப்பாக இருக்கலாம். அவற்றைத் திறந்து படிக்காதீர்கள். நான் செய்தது சரியென்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் எதிரில் ஒருவன் கூச்சமில்லாமல் மாத்திரை போட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியவில்லை என்றால் குறை அவனிடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் யாராவது இருமினால் என்னைப் போலக் கிண்டல் செய்யாமல், கூடப் போய்ச் சளிப் பரிசோதனை செய்து வாருங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவின் அட்டையைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி காலிக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "அப்பவே படிச்ச பய ஒருத்தன் வீட்டுல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

படித்தால் மட்டும் போதாது பாட்டி, வெந்நீரும் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை